சனிக்கிழமைச் சம்பளம்: கொரோனா காலத்தில் திருப்பூர் எப்படித் தொழில் நடத்தியது

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். ஆபீஸில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களை விட்டுவிட்டால், டெய்லர், டெய்லருக்கு உதவியாளான கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று பனியன் கம்பெனியில் பெரும்பாலானவர்களுக்கு வாரக் கணக்குதான். சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வருகிற பணம் மளிகைக் கடை பாக்கி, வாடகைக்கு ஒதுக்குவது, ஊருக்கு அனுப்புவது என்று ஞாயிறு முடிவதற்குள் பாதி கரைந்துவிடும். 2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது, அன்று இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்றார். அதற்கு அடுத்து வந்த சனிக்கிழமை மார்ச் 28. கம்பெனி பூட்டியிருக்கிறது, பஸ் இல்லை, பேங்க் அரைநேரம், வெளிநாட்டு பையரிடமிருந்து வந்த மெயிலைத் திறந்தால் "ஷிப்மென்டை நிறுத்தி வையுங்கள்". அந்த வாரச் சம்பளத்தையும், அதைவிட முக்கியமாக அதற்கடுத்த வாரங்களின் சம்பளத்தையும் என்ன செய்வது?

கொரோனா காலத்தில் தொழில் நடத்துவது பற்றி அப்போதிலிருந்து எவ்வளவோ எழுதிவிட்டார்கள். வீட்டிலிருந்து வேலை, ஜூம் மீட்டிங், டிஜிட்டல் மாற்றம் என்று பெரும்பாலும் ஐடி கம்பெனிகளை மனதில் வைத்து எழுதியவை. ஓவர்லாக் தையல் மெஷினை வீட்டுக்குத் தூக்கிப்போக முடியாத ஊரில் அந்த அறிவுரைகளில் முக்கால்வாசி உதவவில்லை. அதனால் நான் திருப்பூரை வைத்தே பேசுகிறேன். ஒரு முதலாளி அந்தக் காலத்தில் பொறுப்போடு நடந்துகொண்டாரா என்று அறிய வாசலில் அவர் வைத்த சானிட்டைசர் பாட்டிலைப் பார்த்தால் போதாது என்பது என் எண்ணம். மேலேயிருந்து உருண்டு வந்த பாரத்தில் எவ்வளவைத் தன் படியிலேயே நிறுத்தினார், எவ்வளவைக் கீழே தள்ளிவிட்டார் என்று பார்க்க வேண்டும்.

படி என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வருடத்துக்குச் சுமார் 25,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்துவந்த ஊர், இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இங்கிருந்து போகிறது என்று கேட்டால் வெளியூர்க்காரர்களுக்குப் பெரிய பெரிய ஆலைகள்தான் மனதில் வரும். அப்படிச் சில உண்டு. ஆனால் ஊரின் உடம்பு சின்னச் சின்ன யூனிட்களால் ஆனது. நூல் ஸ்பின்னிங் மில்லிலிருந்து வரும், நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பேக்டிங் வேறு, பிரிண்டிங் வேறு, எம்ப்ராய்டரி வேறு, தைப்பது பல நேரம் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட், அதற்குள்ளும் ஒரு லைனை எடுத்து நடத்துகிற கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பீஸ் ரேட் டெய்லர், அவருக்குக் கைமடி. ஒவ்வொருவரும் அடுத்தவருக்குக் கடன் கொடுத்துத்தான் வேலை நடக்கிறது. ஏற்றுமதியாளர் சரக்கை அனுப்பிவிட்டு 60 நாள், 90 நாள் கழித்துப் பணம் பார்ப்பார், அதுவரை ஜாப் ஒர்க்காரர் பில்லை நிறுத்தி வைப்பார், ஜாப் ஒர்க்காரர் டெய்லருக்கு மட்டும் வாரா வாரம் கொடுத்தாக வேண்டும். எல்லாருக்கும் பணம் தாமதமாக வருகிற சங்கிலியில் கடைசி ஆளுக்கு மட்டும் தாமதமே ஆகக் கூடாது, ஏனென்றால் அவரிடம் சேமிப்பு இல்லை. நல்ல காலத்தில் இது எப்படியோ ஓடிவிடும்.

மார்ச் மாதம் இதில் மிக மோசமான நேரம். திருப்பூரின் பலம் பருத்தி, அதாவது ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கோடைக்கால உடுப்பு. குளிர்கால மாதங்களில் தைத்து, மார்ச் ஏப்ரலில் கடைக்குப் போய்ச் சேரும் சரக்கு. அந்தக் கடைகள்தான் மார்ச் நடுவில் வரிசையாக மூடின. கப்பலில் இருக்கும் சரக்கு, பேக்கிங் முடிந்து பெட்டியில் இருக்கும் சரக்கு, டேபிளில் பாதி தைத்திருக்கும் சரக்கு, சாயம் ஏற்றி வந்துவிட்ட துணி, வாங்கி வைத்த நூல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் பணம் மாட்டிக்கொண்டது. இதை வேறு யாருக்காவது விற்கலாமே என்று கேட்பார்கள். அந்தத் துணியின் நிறம் ஒரு பையருக்கென்று சாயம் போட்டது, கழுத்தில் அவர் லேபிள், தொங்குவது அவர் கடை விலைச்சீட்டு, அவர் அனுமதி இல்லாமல் வெளியே விற்கவும் கூடாது. லேபிளை வெட்டிச் சில்லறைக் கூடைக்குத் தள்ளினால் போட்ட காசில் கொஞ்சம்தான் தேறும்.

ஆர்டரை ரத்து செய்த பையர்கள் காட்டியது ஒப்பந்தத்தில் இருக்கும் ஃபோர்ஸ் மெஜூர் என்கிற விதியை. போர், வெள்ளம், கலவரம் மாதிரி யார் கையிலும் இல்லாத காரணத்தால் ஒருவரால் ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாமல் போனால் அவர் மேல் குற்றம் இல்லை என்று சொல்லும் விதி அது. சரக்கைத் தயாரிக்க முடியாமல் போன சப்ளையருக்கு அது பொருந்தும். தயாராகிவிட்ட சரக்குக்குப் பணம் கொடுக்காமல் இருக்க அதை நீட்டியது நியாயமே இல்லை என்றுதான் நான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். நம் ஊரைவிடப் பெரிய அடி வங்கதேசத்துக்கு. அங்குள்ள ஆடை ஏற்றுமதியாளர் சங்கம் சேர்த்த கணக்குப்படி ரத்தான, நிறுத்தி வைக்கப்பட்ட ஆர்டர்கள் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல், பாதிக்கப்பட்ட தொழிலாளர்கள் 20 லட்சத்துக்கு மேல். அவர்கள் சும்மா இருக்கவில்லை. அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்த ரூபானா ஹக் வெளிப்படையாகப் பையர்களிடம் கோரிக்கை வைத்தார், எந்த பிராண்ட் ஒத்துக்கொண்டது, எது இல்லை என்று தொழிலாளர் உரிமை அமைப்புகள் பட்டியல் போட்டன, 'பே அப்' (பணத்தைக் கொடு) என்ற பெயரில் உலகம் முழுக்க ஒரு பிரச்சாரம் ஓடியது. ஹெச் அண்ட் எம் மார்ச் கடைசியிலேயே தயாரான சரக்குக்கும் தயாரிப்பில் இருக்கும் சரக்குக்கும் பேசிய விலையைக் கொடுப்போம் என்று சொன்னது, பின்னால் வேறு சிலரும் வந்தார்கள். அவர்களுக்கும் கடைகள் மூடித்தான் கிடந்தன. அதே புயலில் ஒருவர் பாரத்தைத் தாங்கினார், இன்னொருவர் தள்ளினார் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. எல்லாருக்கும் தாங்கும் வலு இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டனின் டெபன்ஹாம்ஸ் கடைத்தொடர் ஏப்ரல் 9-ம் தேதி திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது, அமெரிக்காவின் ஜே.சி.பென்னி மே 15-ம் தேதி திவால் பாதுகாப்புக் கேட்டது.

இனி உள்ளூர்க் கணக்குக்கு வருவோம். கதையாகச் சொல்வதைவிட எண்ணாகச் சொன்னால் சீக்கிரம் புரியும், அதனால் ஒரு கற்பனை யூனிட்டை எடுத்துக்கொள்கிறேன். 30 மெஷின், 45 பேர், ஒருவருக்கு வாரம் சராசரியாக 3,000 ரூபாய், ஆக வாரச் சம்பளம் 1,35,000. கட்டட வாடகை மாதம் 40,000, மெஷின் லோன் தவணை 60,000. கையில் 6 லட்சம் இருக்கிறது, ஏற்றுமதியாளர்களிடமிருந்து வரவேண்டியது 14 லட்சம். புத்தகத்தில் பார்த்தால் நல்ல நிலையில் இருக்கிற யூனிட்தான். வேலையே இல்லாமல் முழுச் சம்பளம் கொடுத்தால் நாலு வாரத்தில் 5,40,000 போய்விடும், மிச்சத்தில் வாடகையும் தவணையும் அடங்காது. பாதிச் சம்பளம் என்றால் எட்டு வாரம் இழுக்கலாம். ஒன்றுமே கொடுக்கவில்லை என்றால் யூனிட் பிழைத்துவிடும், ஆனால் திறக்கிற நாளில் உள்ளே உட்கார ஆள் இருக்காது, நடுவில் 45 குடும்பம் என்ன ஆனது என்பதும் யாருக்கும் தெரியாது.

இந்த இடத்தில்தான் நிர்வாகம் என்ற வேலையே ஆரம்பிக்கிறது. கொஞ்சம் நிதானமாகச் செயல்பட்டவர்கள் செய்தது என்னவென்றால், எல்லாருக்கும் ஒரே சதவீதம் வெட்டாமல், யாரிடம் தாங்கும் சக்தி குறைவோ அவரிடம் முதலில் பணம் போகிற மாதிரி வரிசை போட்டார்கள். கைமடிக்கும் பிசிறு வெட்டுகிறவர்களுக்கும் ஏற்கெனவே சம்பளம் குறைவு, அதில் பாதி என்றால் அரிசிக்கே காணாது, அவர்களுக்கு முழுசாகக் கொடுத்துவிட்டு மேனேஜர், சூப்பர்வைசர் சம்பளத்தில் ஒரு பங்கைத் தள்ளிவைப்பது ஒரு வழி. முதலாளி வீட்டுக்கு எடுக்கிற பணத்தை நிறுத்துவது அதற்கும் முன்னால் வரவேண்டியது. வாடகையில் கட்டட உரிமையாளரிடம் பேசலாம், தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கியே மார்ச் 27-ம் தேதி மூன்று மாதம் அனுமதி கொடுத்தது, அப்புறம் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டியது. நம் கற்பனை யூனிட்டுக்கு வாடகையும் தவணையும் தள்ளிப்போனால் மாதம் ஒரு லட்சம் மிஞ்சும், முக்கால் வாரச் சம்பளத்துக்கு ஆகும். பெரிய தொகை இல்லை. பெரிய தொகை அந்த 14 லட்சத்தில்தான் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கை ஏற்றுமதியாளர் கொடுத்திருந்தாலே மூன்று வாரச் சம்பளத்துக்கு மேல் கிடைக்கும்.

ஏற்றுமதியாளர் கொடுத்தாரா? சிலர் கொடுத்தார்கள். பலர் "எனக்கு பையர் கொடுக்கவில்லை, நான் எங்கே போவேன்" என்றார்கள், அதில் உண்மையும் இருந்தது. ஆனால் சட்டம் இதை அப்படிப் பார்ப்பதில்லை. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்குச் சேர வேண்டிய பணத்தை எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் கொடுக்க 2017-ல் சமாதான் என்று ஒரு இணையதளமும் வந்தது. யார் புகார் கொடுப்பார்கள்? நாளைக்கு ஆர்டர் கொடுக்கப் போகிற ஆள் மேல் கேஸ் போட்டுவிட்டு எந்த வாசலில் போய் நிற்பது? அதனால் சட்டம் காகிதத்தில் இருந்தது, 90 நாள், 120 நாள் என்ற வழக்கம் நடைமுறையில் இருந்தது. தொற்று வந்தபோது இந்த வழக்கம்தான் சின்ன யூனிட்களின் கழுத்தை நெரித்தது. வைரஸ் மேல் பழி போடுவது சுலபம், பாதிப் பிரச்சினை அதற்கு முன்பே இருந்தது.

சம்பளம் பற்றி அரசு என்ன சொன்னது என்பதையும் பார்க்க வேண்டும். மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை, அதாவது அந்த முதல் சனிக்கிழமைக்கு மறுநாள், மத்திய உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் ஒரு உத்தரவு போட்டது. கடைகளானாலும் தொழிற்சாலைகளானாலும் மூடியிருக்கும் காலத்துக்குப் பிடித்தமில்லாமல் உரிய தேதியில் சம்பளம் கொடுக்க வேண்டும், புலம்பெயர் தொழிலாளர்களிடம் வீட்டுக்காரர்கள் ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது. நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் பணம் எங்கிருந்து வரும் என்று அதில் ஒரு வரி கிடையாது. வங்கதேச அரசு அதே வாரத்தில் ஏற்றுமதித் தொழிற்சாலைகளின் சம்பளத்துக்கென்று 5,000 கோடி டாக்கா நிதி அறிவித்து, அதைக் கடனாகக் கொடுத்து, தொழிலாளியின் வங்கிக் கணக்குக்கோ மொபைல் கணக்குக்கோ நேராகப் போகும்படி செய்தது. இங்கே அப்படி எதுவும் இல்லாமல் முதலாளி தலையில் மட்டும் பாரத்தை வைத்தார்கள், சின்ன யூனிட்காரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன பலரோடு சேர்ந்து காத்திருந்தார்கள். மே 18-ல் அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12-ல் கோர்ட், உத்தரவை மீறியவர்கள் மேல் கடும் நடவடிக்கை வேண்டாம், இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றது. பேசி முடிப்பது என்றால் பேசுவதற்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். யூனியன் இல்லாத, ஜார்க்கண்டிலோ ஒடிசாவிலோ இருந்து வந்த, தமிழ் சரியாகத் தெரியாத 22 வயதுப் பையன் யாரோடு உட்கார்ந்து பேசுவான்?

கடன் உதவி வந்தது, அதையும் மறைக்கக் கூடாது. மே 13-ல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் 3 லட்சம் கோடி ரூபாய்க்கு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தை அறிவித்தார். பிப்ரவரி 29 அன்று வங்கியில் எவ்வளவு கடன் நிலுவை இருந்ததோ அதில் 20 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும், தனியாக அடமானம் வேண்டாம், நாலு வருடத் தவணை, முதல் வருடம் அசல் கட்ட வேண்டாம், வங்கி வட்டி 9.25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. திருப்பூரில் பல யூனிட்கள் மறுபடி ஷட்டரைத் தூக்கியது இந்தப் பணத்தில்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 50 லட்சம் கடன் இருந்தவருக்கு 10 லட்சம், வங்கிக் கடனே இல்லாதவருக்குப் பூஜ்ஜியம். பத்து மெஷின் வைத்திருக்கிற ஜாப் ஒர்க்காரர்களில் நிறையப் பேர் ஃபைனான்ஸ்காரரிடமும் சீட்டுப் பணத்திலும் தொழில் நடத்துகிறவர்கள். அவர்களுக்கு இந்தத் திட்டத்தில் கதவே இல்லை. பி.எஃப் விஷயமும் அப்படித்தான். 100 பேருக்கு உள்ளே இருந்து, அதில் 90 சதவீதம் பேர் 15,000-க்குக் கீழே வாங்கினால் தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் சேர்த்து 24 சதவீதத்தை மார்ச் முதல் ஆகஸ்ட் வரை அரசே கட்டியது. நல்ல உதவி. ஏற்கெனவே பி.எஃப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு மட்டும்.

எனக்கு இதில் மறுபடி மறுபடி தெரிகிற விஷயம் இதுதான். நெருக்கடி வந்த பிறகு எடுத்த முடிவுகளைவிட, அதற்கு மூன்று வருடம் முன்பு ரிஜிஸ்டரில் பெயர் எழுதினார்களா இல்லையா என்பது பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது. தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குகிற எல்லாரையும் சேர்க்க வேண்டும், முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். செலவு என்று பார்த்து ஆளைக் கணக்கில் காட்டாமல் விட்டவர்கள் உண்டு. சேர்ந்திருந்த தொழிலாளிக்கு உடம்பு சரியில்லாமல் போனால் வருடத்தில் 91 நாள் வரை சராசரிக் கூலியில் 70 சதவீதம் ஈ.எஸ்.ஐ. கொடுக்கும். இப்போது இதைத் தொற்றோடு சேர்த்துப் பாருங்கள். பீஸ் ரேட்டில் தைக்கிற ஒரு அக்காவுக்குக் காலையில் காய்ச்சல் அடிக்கிறது. லீவு போட்டால் அன்றைக்குக் காசு இல்லை, டெஸ்ட் எடுத்து பாசிட்டிவ் என்றால் 14 நாள் காசு இல்லை. பாராசிட்டமாலைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவார், வாசலில் நெற்றியில் காட்டுகிற தெர்மாமீட்டர் ஒன்றும் காட்டாது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "காய்ச்சல் என்றால் வராதீர்கள், இத்தனை நாளுக்கு இவ்வளவு பணம் உண்டு, திரும்பி வந்தால் அதே மெஷின் உங்களுக்குத்தான்" என்று முன்கூட்டியே சொன்ன கம்பெனியில்தான் காய்ச்சல் பற்றிய உண்மை முதலாளி காதுக்கு வரும்.

முதலாளிகளுக்கும் பயம் இருந்தது. ஏப்ரல் நடுவில் வந்த வழிகாட்டு நெறிகளைப் படித்துவிட்டு, கம்பெனியில் ஒருவருக்குப் பாசிட்டிவ் என்றால் முதலாளியை ஜெயிலில் போடுவார்கள், மூன்று மாதம் சீல் வைப்பார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்படி ஒரு விதியே இல்லை என்று உள்துறை அமைச்சகம் ஏப்ரல் 23-ம் தேதி விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் மறைக்கிற பழக்கம் சில இடங்களில் வந்துவிட்டது.

அந்த வழிகாட்டு நெறிகளில் ஷிப்டுக்கு ஷிப்டு ஒரு மணி நேர இடைவெளி, சாப்பாட்டு நேரத்தைப் பிரித்து விடுவது, வண்டியில் 30 முதல் 40 சதவீதம் ஆட்களை மட்டும் ஏற்றுவது, ஆறடி இடைவெளி எல்லாம் இருந்தன. தையல் லைனில் ஆறடி என்றால் பாதி மெஷினை நிறுத்த வேண்டும். சிலர் ஒரு டேபிள் விட்டு ஒரு டேபிள் ஓட்டி, இரண்டு ஷிப்டாகப் பிரித்தார்கள். ஒரு பேட்ச் ஆள் இன்னொரு பேட்ச்சைச் சந்திக்காத மாதிரி பிரித்தது உண்மையில் நல்ல யோசனை, ஒரு பேட்ச்சில் தொற்று வந்தால் மற்றது ஓடும். ஆனால் அந்த வருடம் முழுக்க நாம் மேசையைத் துடைப்பதிலும், பெட்டியில் மருந்து அடிப்பதிலும், கை கழுவுவதிலும் காட்டிய அக்கறையில் பாதியைக் காற்றோட்டத்தில் காட்டவில்லை. மூடின இடத்தில் காற்று வழியாகப் பரவும் என்பதை உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லவே 2021 ஆகிவிட்டது. பழைய ஷெட், இரண்டு பக்கமும் ஜன்னல், மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் என்று இருந்த சாதாரண யூனிட்கள், கண்ணாடி போட்டு ஏசி வைத்த ஷோரூம் மாதிரி யூனிட்களைவிட இந்த ஒரு விஷயத்தில் பாதுகாப்பாக இருந்திருக்கும். ஹாஸ்டல்தான் பலவீனமான இடம். வேலை செய்யும் இடத்தில் ஆறடி விட்டு உட்கார வைத்துவிட்டு, இரவு ஒரே அறையில் எட்டுப் பேரைப் படுக்க வைத்தால் பகலில் செய்தது எல்லாம் வீண்.

வெளிமாநிலத் தொழிலாளர்கள் விஷயம் தனியாகவே எழுத வேண்டியது, இங்கே சுருக்கமாக. மே 1 முதல் ஷ்ரமிக் சிறப்பு ரயில்கள் ஓட ஆரம்பித்தன, திருப்பூரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் கிளம்பினார்கள். முதலாளிகள் அப்போதுதான் ஆர்டர் கொஞ்சம் வருகிறதே, இப்போது போகிறார்களே என்று தவித்தார்கள். ஊருக்குப் போகிறேன் என்று சொன்னவரைப் பிடித்து வைக்காமல், பாக்கியைத் தீர்த்து, வழிச்செலவுக்குக் கொடுத்து அனுப்பியவர்களுக்கும், "போனால் பாக்கி கிடையாது" என்று சொன்னவர்களுக்கும் வித்தியாசம் இரண்டு மாதத்தில் தெரிந்தது. வெளிமாநிலத் தொழிலாளர்களை வேலைக்கு எடுக்கிற கான்ட்ராக்டர் வழிப்பயணப் படியும் இடம்பெயர்வுப் படியும் கொடுக்க வேண்டும் என்று 1979-லேயே வந்த ஒரு சட்டம் அப்போது இருந்தது, பலருக்கு அது இருந்ததே தெரியாது. ஜூலை வாக்கில் ஆர்டர் திரும்பியபோது பஸ் அனுப்பி, இ-பாஸ் வாங்கி, ஆட்களை அழைத்து வந்தார்கள் கம்பெனிக்காரர்கள். போன் போட்டதும் கிளம்பி வருகிறவர்கள் பாக்கி தீர்த்த கம்பெனிக்குத்தான் முதலில் வருவார்கள், அதற்கு எந்த மேனேஜ்மென்ட் படிப்பும் வேண்டாம்.

இதற்கு நடுவில் வந்ததுதான் மாஸ்க், பி.பி.இ. அலை. 2020 ஆரம்பத்தில் மருத்துவப் பாதுகாப்பு முழு உடுப்பு இந்தியாவில் அநேகமாகத் தயாரிக்கப்படவே இல்லை, மே மாதத்துக்குள் ஒரு நாளைக்கு 4.5 லட்சம் உடுப்பு என்ற அளவுக்கு வந்தது. தையல் தெரிந்த ஊர்தானே, திருப்பூருக்கு இது ஊதித் தள்ளுகிற வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். பின்னலாடைத் துணி சுவாசிக்கும் துணி, இடைவெளியே அதன் அழகு. பி.பி.இ.க்குத் தேவை அதற்கு நேர்மாறாக ரத்தமும் திரவமும் புகாத, லேமினேட் செய்த நெய்யாத துணி. தைக்கும்போது ஊசி போடுகிற ஒவ்வொரு ஓட்டையும் கசியும், அதனால் தையல் மேல் சூடான காற்றில் டேப் ஒட்ட வேண்டும், அந்த மெஷின் சாதாரண பனியன் கம்பெனியில் கிடையாது. கோவையில் இருக்கும் சிட்ரா, அதாவது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம், செயற்கை ரத்தத்தை அழுத்தம் கொடுத்துத் தெளித்துப் பார்த்து, தேறிய மாதிரிக்குத் தனிச் சான்று எண் கொடுத்தது. பாஸ் ஆகும்வரை காத்திருந்து, டேப் மெஷின் வாங்கி, அப்புறம் விற்றவர்கள் இருக்கிறார்கள். மழைக்கோட்டுத் துணியைத் தைத்து பி.பி.இ. என்று விற்றவர்களும் இருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வார்டுக்குள் போன நர்ஸை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. தெரிந்த வேலையில் நின்றவர்கள் பருத்தி மாஸ்க் தைத்தார்கள், ஏப்ரல் 4-ல் வீட்டில் தைத்த துணி மாஸ்க் போடச் சொல்லி அரசே அறிவுறுத்தியதும் அதற்குத் தேவை எகிறியது. அது திருப்பூருக்கு இயல்பாக வந்த வேலை, கட்பீஸ் துணியும் தீர்ந்தது, ஆட்களுக்கு வாரச் சம்பளமும் ஓடியது. எல்லாரும் தைக்க ஆரம்பித்ததும் விலை சரிந்தது. அந்த நேரத்தில் மாஸ்க்கை நம்பிக் கடன் வாங்கிப் புது மெஷின் இறக்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள், கையில் இருந்த மெஷினையும் துணியையும் வைத்துச் செய்தவர்கள் தப்பித்தார்கள்.

இரண்டாம் அலை கொடுமையானது. 2021 மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு. ஜூன் மாதம் மற்ற மாவட்டங்களுக்குத் தளர்வு வந்தபோதும் கோவை, திருப்பூர், ஈரோடு உட்பட 11 மாவட்டங்களுக்குக் குறைவாகவே கொடுத்தார்கள், தொற்று அவ்வளவு அதிகம். இந்த முறை ஆர்டர் இருந்தது, பையர் அவசரப்படுத்தினார், அதனால் இக்கட்டு வேறு மாதிரி வந்தது: முதல் அலையில் வேலை இல்லாமல் சம்பளம் கொடுப்பதா என்ற கேள்வி, இரண்டாவதில் டெலிவரி தேதிக்காக ஆட்களை ஆபத்தில் உட்கார வைப்பதா என்ற கேள்வி. தேதி தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழும், லாபம் மொத்தமும் போய்விடும். பையரிடம் நேராகப் பேசி இரண்டு வாரம் தள்ளிக் கேட்டு வாங்கியதுதான் அந்த மே மாதத்தில் ஒரு முதலாளி செய்திருக்கக்கூடிய ஆகப் பெரிய சுகாதார நடவடிக்கை என்று நினைக்கிறேன். அப்புறம் தடுப்பூசி. கம்பெனிக்குள்ளேயே முகாம் போட்டு, போட்டுக்கொண்ட மறுநாள் காய்ச்சலுக்குச் சம்பளத்தோடு லீவு கொடுத்தால் மொத்தப் பேரும் கை நீட்டுவார்கள், லீவு இல்லை என்றால் பாதிப் பேர் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக் கழிப்பார்கள். அந்த அலையில் இறந்துபோன தொழிலாளிகளின் குடும்பத்துக்கு, கூலியில் 90 சதவீதம் மாதாமாதம் கிடைக்கும்படி ஈ.எஸ்.ஐ. ஒரு நிவாரணத் திட்டம் கொண்டுவந்தது, பி.எஃப். காப்பீட்டின் உச்சவரம்பும் 7 லட்சமானது. இதிலும் ரிஜிஸ்டரில் பெயர் இருந்தவர் குடும்பத்துக்குத்தான்.

2021-22-ல் திருப்பூரின் ஏற்றுமதி 33,000 கோடியைத் தாண்டியது. எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படலாம், ஆனால் அதில் நூல் விலை ஏறியதும் சேர்ந்திருக்கிறது. விலை தாங்காமல் 2021 நவம்பர் 26-ல் ஊரே கடையடைப்பு நடத்தியது. ஏறிய நூல் விலையைப் பழைய ஆர்டரில் பையர் ஏற்றுக்கொள்ளவில்லை, மறுபடி அதே சங்கிலி, அதே படி.

சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. ஜெர்மனி 2021-ல் ஒரு சட்டம் இயற்றி 2023 ஜனவரி முதல் அமலுக்குக் கொண்டுவந்தது, பெரிய கம்பெனிகள் தங்கள் சப்ளையர்களிடம் தொழிலாளர் உரிமை எப்படி இருக்கிறது என்பதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது அது. மத்திய அரசு 2021 ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளர்களைப் பதிவு செய்ய இ-ஷ்ரம் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. நம் வருமான வரிச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிரிவுப்படி, குறு, சிறு உற்பத்தியாளருக்குத் தர வேண்டியதை 45 நாளுக்குள், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது. புகார் கொடுக்கப் பயந்த ஜாப் ஒர்க்காரருக்காக ஆடிட்டரே இப்போது கேட்கிறார், "இந்த பில் ஏன் நிற்கிறது?" என்று. இதனால் ஆர்டரையே பெரிய யூனிட்டுக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயமும் சின்னவர்களுக்கு இருக்கிறது, அது வீண் பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

2025 ஆகஸ்ட் 27, புதன்கிழமை, இந்தியச் சரக்குகள் பலவற்றின் மீது அமெரிக்காவின் கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்டது. இந்த முறை வைரஸ் இல்லை, ஊரடங்கு இல்லை. ஆனால் திருப்பூருக்கு வந்த மெயில்களில் பழைய வாசகங்கள்தான்: ஆர்டரை நிறுத்தி வையுங்கள், விலையைக் குறையுங்கள், வரியில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்று நாளில் சனிக்கிழமை.